நடைவண்டிச் சக்கரம் ஏன் வெடித்தது?

களக்காட்டிலிருந்து ஒரு தாத்தா எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, பேரனுக்கு நடைவண்டி செய்யலாம்னு, கொல்லையில விழுந்த பூவரசங்கிளைய வட்டு வட்டா அறுத்து மூணு சக்கரம் எடுத்தேன். அறுத்தது வைகாசியில. ஆனி பிறந்து காத்து வீச ஆரம்பிச்சதும் மூணுலயும் விளிம்புல இருந்து நடு வரைக்கும் வெடிச்சிட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு வெடிப்பு, ஆளு விரல் நுழையுத மாதிரி. வளர்பிறையில அறுத்தா அப்படித்தான்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுதாரு. நெசமா?"

பிறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேய்பிறையில் அறுத்திருந்தாலும் வெடித்திருக்கும். ஒன்றிரண்டல்ல, மூன்றுமே வெடித்தன, மூன்றும் ஒரே மாதிரி வெடித்தன என்பதிலேயே விடை இருக்கிறது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உள்ளே வெற்றிடத்தில் நிற்பது ஒன்று, செல் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது இன்னொன்று. காயும்போது முதலில் போவது வெற்றிடத்துத் தண்ணீர். அது போவதால் எடை குறையும், அளவு குறையாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகுதான் சுவருக்குள் இருப்பது வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் அங்கேதான் தொடங்கும். வெட்டிப்போட்ட கட்டை பல நாள் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று வெடிப்பது இதனால்தான்.

செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. தென்னை ஈர்க்குக் கட்டுக்குள் களிமண்ணை அப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். களிமண் காய்ந்தால் கட்டு ஒல்லியாகும், ஈர்க்கின் நீளம் குறையாது. மரமும் அப்படித்தான், நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். பச்சையிலிருந்து சுத்தமாகக் காயும்வரை பார்த்தாலும் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். கதவு நிலையின் உயரம் வருஷம் முழுக்க மாறாமலிருக்க, கதவின் அகலம் மட்டும் மழைக்காலத்தில் நம்மோடு மல்லுக்கட்டுகிறதே, அதற்கும் இதுவே காரணம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். குறுக்கு வாக்கிலும் மரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. வட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் ஆரத் திசையில் ஓர் அளவு, ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. தேக்கை எடுத்துக்கொண்டால், முழுக்கக் காயும்போது ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுற்றுத் திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். நம்ம ஊரில் சுருங்காத மரம் என்று பேர் வாங்கிய தேக்கின் கணக்கே இது. மற்ற பல மரங்களில் இன்னும் கூடுதல்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? காரணம் ஒன்றல்ல. நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்கள் எனப்படும் செல் வரிசைகள் ஓடுகின்றன. வட்டை நன்றாக இழைத்துப் பார்த்தால் மெல்லிய கோடுகளாகக் கண்ணுக்கே தெரியும். அந்தச் செல்கள் ஆரத் திசையில் நீண்டவை. நீளவாக்கில் சுருங்காத குணத்தால் தம் திசையில் மரத்தைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சுற்றுத் திசையில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதோடு, தேக்கு போன்ற மரங்களில் ஒவ்வொரு வளையத்திலும் துளை நிறைந்த லேசான பகுதியும் நெருக்கமான கெட்டிப் பகுதியும் மாறிமாறி வருகின்றன. அதிகம் சுருங்குவது கெட்டிப் பகுதி. வளையத்தோடு சுற்றிவரும் திசையில் அது தன் பக்கத்து லேசான பகுதியையும் சேர்த்து இழுத்துவிடுகிறது.

இப்போது கணக்கைப் போடுவோம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தேக்கு வட்டு ஒன்று, 30 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்குகிறது. மொத்தச் சுருக்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு இதற்குள் நடந்துவிடும். ஆரம் 1.5 சதவீதம் குறைந்து 4.925 சென்டிமீட்டர் ஆகும். அந்த ஆரத்துக்கு விளிம்பின் சுற்றளவு 30.9 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். ஆனால் 31.4 ஆக இருந்த விளிம்பு 3.5 சதவீதம் சுருங்கி 30.3 தான் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் பற்றாக்குறை! வட்டத்தை மூட மரம் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஓர் இடத்தில் பிளந்ததும் இழுவிசை தீர்ந்துவிடுவதால், மெதுவாகக் காய்ந்த வட்டில் பெரும்பாலும் ஒரே வெடிப்பு. விளிம்பில் அகன்று நடுவில் குறுகும் ஆப்பு வடிவமும் அதனால்தான். பிறையைப் பார்த்து அறுப்பவர்கள் இந்தக் கணக்கில் பிறையை எந்த இடத்தில் நுழைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பஞ்சாங்கத்தில் இதற்கு உதவுவது திதியல்ல, மாதம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்தில் சாரலாகத் தூவிவிட்டு, மழையை மேற்கிலேயே இறக்கிவைத்த கையோடு பாளையங்கோட்டைப் பக்கம் காய்ந்த காற்றாக வீசுகிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரம் 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 40 சதவீதமானால் ஏழெட்டுக்கு இறங்கிவிடும். பச்சை வட்டைக் காற்றில் போட்டால் விளிம்பும் மேல்பரப்பும் முதலில் காய்ந்து இறுகும், உள்ளே இன்னும் ஈரம் நிற்கும். வெடிப்பு சீக்கிரம் வருவது இதனால்.

அப்படியானால் பலகையில் சக்கரம் வெட்டலாமா? வெடிக்காது, ஆனால் முட்டையாகும். நீளவாக்கில் பத்து சென்டிமீட்டர் அப்படியே இருக்க, அகலவாக்கில் மூன்றரை மில்லிமீட்டர்வரை குறையலாம். நன்றாகக் காய்ந்த பலகையாக இருந்தால் இது ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆனாலும் நார் ஓடும் திசையில் ஒரு மோதலில் பிளந்துவிடும் ஆபத்து இருக்கவே இருக்கிறது. இரண்டு மெல்லிய பலகைகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டினால்? ஒன்று சுருங்க நினைக்கும் திசையில் மற்றது சுருங்க மறுக்கும். நார் வாக்கில் மரத்தின் விறைப்பு குறுக்கு வாக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே ஜெயிப்பது மறுக்கிறவன்தான். ஆனால் இரண்டே தகடு என்றால் அப்பளமாக வளையும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையாக அடுக்கினால் நடுத்தகட்டின் இருபுறமும் இழுவை சமமாகி நேராக நிற்கும். பிளைவுட்டின் மொத்த ரகசியமும் இதுதான்.

பிளைவுட் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஈரம் தாங்கும் என்று பேர் வைத்த சாதாரண எம்.ஆர். ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும், ஈரத்தில் நைந்துபோகும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் முத்திரை உள்ள கடல் ரகத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, தண்ணீரைத் தாங்கும், ஃபார்மால்டிஹைடு வெளிவிடுவதும் குறைவு. எதுவானாலும் வெட்டிய ஓரத்தில் சிலாம்பு நிற்கும். உப்புத்தாள் போட்டு ஓரத்தை உருட்டாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அறுக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கென்றால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் சிறு துண்டு எதுவும் பொம்மையில் கழன்று வரக்கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி.

முழு மரந்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே கடையும் செப்புச் சாமான், அதாவது பிள்ளைகள் விளையாடும் மரப் பாத்திரம், சிறியது, ஆகவே சுருக்கமும் சிறியது. போதாததற்கு மேலே அரக்கு. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படிந்துவிடும். அது ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை, வரவுபோக்கை மெதுவாக்குகிறது. மெதுவாகக் காயும் மரம் அவ்வளவு எளிதில் வெடிக்காது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமானபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். நல்லதுதான். அதோடு பட்டறைக்கு ஓர் ஈரமானியும், பூவரசு, வாகை, வேம்பு என்று நம் கொல்லை மரங்களுக்கான சுருக்க அட்டவணையைத் தமிழில் அச்சடித்து ஒன்றும் கொடுத்தால் இன்னும் நல்லது. ராக்கெட்டுக்குச் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. இதற்கு ஆகும் காசு அதில் தூசு.

கிளை மரத்தை வீணாக்க மனமில்லாதவர்கள், வட்டாக அறுக்காமல் நடுவே நெடுக்காகப் பிளந்து, இரு முனைகளின் வெட்டுமுகத்தில் மெழுகோ பெயிண்டோ பூசி நிழலில் அடுக்குங்கள். வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக ஓடும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு துண்டை வைத்து எடையை எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் காய்ந்தது என்று அர்த்தம், அதன் பிறகு உளியை எடுங்கள்.

சக்கரத்தைப் பிளைவுட்டிலும் அச்சைத் தேக்கிலும் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆனிக் காற்றில் அச்சைத் துளைக்குள் இறுக்கமாகப் பொருத்தினால், ஐப்பசி அடைமழையில் அச்சு பருத்துவிடும், பிளைவுட்டில் போட்ட துளை அதற்கேற்ப விரியாது. 12 மில்லிமீட்டர் அச்சு 0.2 மில்லிமீட்டர்வரை பருக்கும், வண்டி உருளாமல் நிற்க அது போதும். துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாகவே போடுங்கள்.