ஏற்றுமதிக் கணக்கைக் காட்டிக் கடை வைக்கக் கிளம்புகிறவர்களுக்கு

வங்கிக் கடனுக்காகத் திட்ட அறிக்கை தயாரித்துத் தரச் சொல்லி என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் தாள்களில் முதல் வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இரண்டாவது வரியில் அவர்கள் தொடங்கவிருக்கும் சூப்பர் மார்க்கெட்டோ ஜவுளிக் கடையோ பேக்கரியோ வந்துவிடும். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய கணக்கு எங்கே என்று கேட்டால், "இத்தனை பணம் பொரளுற ஊருங்க சார், அதுல ஒரு துளி நம்ம கடைக்கு வராதுங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையின் வாசலுக்கு எதிரே, தோட்டத்தை அடமானம் வைத்து ஜவுளிக் கடை திறந்த ஒரு தம்பதியர், கடையை மூடிய பிறகு மீதித் தவணைக்கு வழி கேட்டு அண்மையில் வந்தார்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் வளாகத்துக்குள்ளேயே விடுதியில் தங்குகிறவர்கள் என்பதும், சாப்பாடும் அவசரத் தேவைக்கான கடையும் உள்ளேயே உண்டு என்பதும், ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் சில மணி நேரத்தில் அவர்கள் டவுனுக்குத்தான் பஸ் ஏறுவார்கள் என்பதும் கடை திறந்த பிறகே இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆலை வாசல் காவலாளியிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் தகவல் இது.

விற்றுமுதல் என்பது ஒரு தொழில் விற்ற சரக்கின் மொத்த மதிப்பு. அது அந்த ஊரில் செலவாகும் பணத்தின் அளவு ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நூற்பாலை விற்கும் நூலின் விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போய்விடுகிறது. அந்தப் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து வருகிறது. மிச்சத்தில் மின்கட்டணம், இயந்திரத் தவணை, வங்கி வட்டி ஆகியவற்றைக் கழித்துவிட்டு நின்றால் கையில் இருப்பது சம்பளமும் லாபமும்தான். லாபம் நிலம் வாங்கவும் புது மெஷின் இறக்கவும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போகுமே தவிர, உங்கள் கடையில் இரண்டு கிலோ துவரம் பருப்பு வாங்க வராது. ஆக, சம்பளம் மட்டுமே நம் கணக்குக்கு உரியது. அந்தச் சம்பளத்திலும் வாங்குகிறவர் இங்கே செலவழிக்கும் பங்கு மட்டுமே உரியது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்கால் விவசாயக் காட்டோரமாக ஓடுகிறது என்பதற்காக மடை இல்லாத காடு நனைந்துவிடாது.

பனியன் தொழில் இந்த வகையில் நூற்பாலையைவிட ஊருக்கு நெருக்கமானது. ஒரே துணி நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங் என்று ஊருக்குள்ளேயே பல கூடங்கள் ஏறி இறங்குவதால், கூலியும் பல இடங்களில் பட்டுவாடா ஆகிறது. சனிக்கிழமை இரவு திருப்பூரின் ‘15 வேலம்பாளையம்’ பகுதியில் ஏதாவது ஒரு மளிகைக் கடையோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் போன வாரத்துக் கடன் நோட்டுக் கணக்கு தீர்கிறது. அடுத்து கோதுமை மாவும் கடுகெண்ணெயும் உருளைக்கிழங்கும் பைக்குள் போகின்றன. பிறகு கடை வாசலிலேயே நின்று மிச்சப் பணத்தை ஒடிசாவுக்கோ பீகாருக்கோ செல்போனில் அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் தங்கியிருக்கும் லைன் வீட்டின் வாடகை உள்ளூர்க்காரருக்குப் போய், அந்த வீட்டுக்காரர் வழியாக ஓரளவு கடைத்தெருவுக்குத் திரும்புகிறது. இவ்வளவையும் பார்த்த பிறகுதான் எந்தச் சரக்குக்குக் கடை வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

வேலை குறையும்போது முதலில் குறைவது ஆள் எண்ணிக்கை அன்று. ஒன்றரை ஷிப்ட் வேலையில் கூடுதலாகப் பார்க்கும் அந்த அரை ஷிப்ட்தான். ஆள் அப்படியே இருப்பார், வாங்கும் பொருள் பாதியாகியிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது செய்தியானபோது, அதை ஏற்றுமதியாளர்களின் கவலையாக மட்டும் பார்த்தவர்கள் இந்த அரை ஷிப்டை மறந்துவிட்டார்கள். விசைத்தறிக்காரர்களின் நிலைமையும் இதற்கு வேறானதன்று. பாவு நூலைக் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்கிறவர் வேறொருவர், தறிக்காரருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி மட்டுமே. கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தி ஒரு மாதமளவுக்கு வேலைநிறுத்தம் செய்த நாட்களில், சோமனூர் போன்ற விசைத்தறி ஊர்களின் கடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கறிக்கோழிப் பண்ணைகளைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் தனி வகை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட் போட்ட விவசாயிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. லாரி லாரியாகக் கோழி போகிறது என்று எண்ணிக்கொண்டு அங்கே நகைக்கடை வைக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வட மாநிலங்களில் போர்வெல் போட்டுச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கு ஊருக்கே திரும்பி வீடாகவும் கல்யாணச் செலவாகவும் மாறுகிறது. தொழில் நடக்கும் இடம் ஒன்று, பணம் இறங்கும் இடம் வேறொன்று. ஈரோட்டு மஞ்சள் பணம் விலை ஏறும்வரை குடோனில் மூட்டையாகக் கிடக்கும்; விற்ற மாதத்தில் தங்கமாகவும் டிராக்டராகவும் ஆகும். மளிகைக் கடைக்காரர் நம்ப வேண்டியது பால் சொசைட்டிப் பணத்தைத்தான். தொகை சிறிதாயினும் தவறாமல் வருவது அது. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் இருப்பதும், புண்ணாக்குக் கடையிலும் மளிகைக் கடையிலுமே செலவாவதும் அதுவே.

என் தொழில் சார்ந்த ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக மாநிலத்துக்கு ஒன்று. கோவையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியின் காங்கேயம் ஆலைச் சரக்கும் கோவை முகவரிப் பதிவிலேயே கணக்காகிவிடும். எனவே வரி வசூல் புள்ளிவிவரத்தைக் காட்டி "எங்க ஊர்ல வியாபாரம் ஏறுது" என்று என்னிடம் வாதாட வேண்டாம்.

கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, அங்கே எந்தக் கிழமையில் எந்தத் தேதியில் சம்பளம் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தொழிலாளர்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும் ஊரைவிட உறங்கும் ஊர்தான் கடைக்காரருக்கு முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரக் கூட்டத்தைப் பார்த்து வாடகை பேசாதீர்கள். அது போனஸ் பணம், ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பண்டிகை முடிந்தவுடன் தென் மாவட்டத்துக்காரர்களும் வடக்கத்தியரும் ஊருக்குப் போய்த் தெருவே காலியாகிவிடும். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய் அதே தெருவைப் பாருங்கள்.

கம்பெனிகளுக்குக் கடன் வைத்துச் சரக்குக் கொடுக்கிறவர்களுக்கு மேலும் ஒன்று. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப்) பதிவு இருந்தாலும் அது வங்கிக் கடன் சலுகைக்கு மட்டுமே உதவும். கேன்டீனுக்கு அரிசியும் எண்ணெயும் போட்டுவிட்டு ஆறு மாதம் அலைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, கடன் வரம்பை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தயவுசெய்து தோட்டத்துப் பத்திரத்தை மட்டும் பீரோவிலேயே இருக்க விடுங்கள். கடையின் சொந்தச் சரக்கையும் உங்கள் சேமிப்பையும் தாண்டிய கடன் தேவைப்படுகிறது என்றால், இடத்தைச் சிறிதாக்கிக்கொண்டு மறுபடி என்னிடம் வாருங்கள்.