சுயாதீனம்: கொடியேற்றாத நாடகத்துக்கு ஒரு சொல்

“தம்பி, இது பெப்ரவரி நாலுக்கோ?” என்று கேட்டார் மத்திய வீதித் தேநீர்க் கடைக்காரர். அவருடைய கடைச் சுவரில்தான் எங்கள் நாடகச் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தோம். மாதமோ ஆகஸ்ட். சுவரொட்டியின் தலையில் ‘சுதந்திர நாடகம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. சுதந்திரம் என்ற சொல்லைச் சுவரில் கண்டால் கொடி, பாற்சோறு, வெயிலில் வரிசையாய் நிற்கும் பாடசாலைப் பிள்ளைகள் என்றுதானே யாருக்கும் நினைவு ஓடும்.

அந்தத் தலைப்பு நாங்கள் வைத்ததல்ல. வெளியூரில் நாலைந்து குழுக்கள் சேர்ந்த ஒரு நிகழ்வுக்காக எங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அரைப் பக்கக் குறிப்புக் கொடுத்திருந்தோம். அதை யாரோ தமிழாக்கித் திருப்பி அனுப்பினார்கள். ‘இன்டிபென்டன்ட்’ வந்த இடத்திலெல்லாம் ‘சுதந்திர’. சுதந்திர நாடகம், சுதந்திர அரங்கு, சுதந்திரக் குழு. என்னைப் பற்றிய வரியில், ‘திருகோணமலையின் சுதந்திர நடிகர்களில் ஒருவர்’. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தா. “அப்ப மற்ற நடிகர் எல்லாம் மறியலிலயோ?” என்று கேட்டா.

அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பிறகு ஒரு மேடை அறிமுகத்தில் அதே சொல். பிறகு ஒரு சான்றிதழில் அதே சொல். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதா, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதா என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருந்தால் அதுவே வழக்காகிவிடும்.

ஆங்கிலச் சொல்லின் வேரை நீட்ட வேண்டியதில்லை. இலத்தீனில் தொங்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து ‘ஒன்றைப் பிடித்துத் தொங்காதது’ என்று ஆகிறது. நம் ஊர்ப் பேச்சிலும் இதே படம் இருக்கிறது: “ஆற்றையும் வாலைப் பிடிச்சுத் தொங்காத ஆள்.” அவ்வளவுதான். கேட்க வேண்டியது, நாடகத்தில் எதைப் பிடித்துத் தொங்காமல் இருக்கிறோம் என்பதைத்தான்.

எங்கள் குழுவில் ஏழு பேர். நான் பகலில் முகாமைத்துவ உதவியாளர், பழைய பேரில் எழுதுவினைஞர். ஒருவர் ஆசிரியை, ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் மீன் வாடியில் கணக்குப் பார்க்கிறார். மாலை ஆறு மணிக்குமேல் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் ஒத்திகை. மின்சாரம் போனால் கைப்பேசி வெளிச்சத்தில் வசனம். லைட் கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற அண்ணையிடம் கடன். முகூர்த்த நாளென்றால் அவர் வரமாட்டார், ஆகவே நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாடகத்துக்கு நாள் குறிப்போம். சேலை ஆசிரியை அக்காவின் அலுமாரியிலிருந்து. மண்டப வாடகைக்குக் கைக்காசு. உட்துறைமுக வீதியில் நடந்துகொண்டே வசனம் மனப்பாடம் பண்ணிய நாட்களில், தனக்குத்தானே பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயரும் வந்தது.

ஆக, எதிலும் தொங்கவில்லை என்று மார்தட்ட முடியாது. வெளிச்சம் முதல் சேலை வரை எல்லாம் பிறர் தயவு. ஆனால் எந்த நாடகம், எந்த முடிவு, யாருக்கு எந்தப் பாத்திரம், எப்போது நிறுத்துவது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்வதில்லை. நிதி தருகிற நிறுவனத்துக்காக டெங்கு நாடகமோ கைகழுவும் நாடகமோ போட்டால் அதன் கடைசிக் காட்சியை நிறுவனம்தான் எழுதும். எங்கள் கடைசிக் காட்சி எங்களுடையது. நட்டமும் எங்களுடையது. சொல் இந்த இடத்தைத்தான் தொட வேண்டும்.

சரி, ‘சுதந்திர’ ஏன் தொடவில்லை? இதற்கு ஆதரவாகப் பேசும் ஒருவரிடம் வசமாக மாட்டினேன். நன்றாகப் படித்தவர், அவருடைய வாதம் லேசானதல்ல. “உங்கட மாதிரி நாடகத்துக்கு முன்னோடியே பாரிஸ்ல 1887இல் தொடங்கினது. அதின்ர பேரே தியேத்ர் லிப்ர். லிப்ர் எண்டால் சுதந்திரம். 1889இல் பெர்லின்ல வந்தது ஃப்ரைய பியூனெ. அதுவும் சுதந்திர மேடைதான். நீங்கள் என்னத்துக்குத் துள்ளுறியள்?”

உண்மைதான். பாரிஸில் அதைத் தொடங்கிய ஆந்த்ரே அந்துவான் பகலில் எரிவாயுக் கம்பனியில் எழுதுவினைஞர். முதல் நாடகத்துக்குத் தன் தாயாரின் வீட்டுத் தளபாடங்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். இதைப் படித்த அன்று எனக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன்போல ஆகிவிட்டார். ஆனால் அவருடைய ‘லிப்ர்’ எதிலிருந்து விடுபட்டது என்று பார்க்க வேண்டும். சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு நடித்ததால் தணிக்கை எட்டவில்லை. 1891இல் கிரெய்ன் என்பவர் இலண்டனில் இதே வழியில் நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ‘கோஸ்ட்ஸ்’ நாடகத்தைப் போட்டார். பொது மேடைக்கு அனுமதி கிடைக்காத நாடகம் அது. தணிக்கையை உண்மையிலேயே ஏய்த்த அவருடைய அமைப்பின் பெயரில்கூட ‘ஃப்ரீ’ இல்லை, ‘இன்டிபென்டன்ட்’தான் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் கைவசம் இருந்தன, அவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நம் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

நாங்கள் எதிலிருந்தும் அப்படி விடுபடவில்லை. பொது மேடைக் காட்சிகளுக்கென்று 1912இல் வந்த கட்டளைச்சட்டம் நம் நாட்டில் உண்டு. அதன்கீழ் நாடகப் பிரதி கொழும்புக்குப் போய் அனுமதியோடு திரும்பி வர வேண்டும். பிரதியை அனுப்பிவிட்டுத் தபாற்காரனை எதிர்பார்த்திருக்கும் நாடகத்தைச் ‘சுதந்திர நாடகம்’ என்று ஒட்டினால் அது விளம்பரமா, நையாண்டியா?

சொல்லின் உள்ளேயே வேறு சிக்கலும் இருக்கிறது. சுதந்திரம் என்பது ‘ஸ்வ’ என்பதோடு ‘தந்திரம்’ சேர்ந்தது. தன் நெறி, தன் ஆட்சி. தமிழில் வந்து குடியேறிய பிறகு இந்தச் சொல் உரிமைப் பங்கு என்ற பக்கம் சாய்ந்தது. பழைய ஊர்க்கணக்குகளில் சுதந்திரம் என்றால் ஊர் ஊழியம் செய்பவருக்கு அறுவடையில் பரம்பரையாய்க் கிடைக்கும் பங்கு. தமிழ் வேதாகமத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் ‘பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’. அங்கே அது வழியுரிமையாகப் பெறுவது. நாடு, கொடி, தேசியகீதம் எல்லாம் பின்னால் வந்து ஏறிக்கொண்டவை. அந்தப் பழைய பொருளில் யாராவது என்னைச் சுதந்திர நடிகன் என்றால் சம்மதம், தம்பலகாமத்து நெல்லில் வருசம் பத்து மூட்டை வரட்டும்.

இன்னொரு குழப்பமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘ஃப்ரீலான்ஸ்’ என்பதையும் ‘சுதந்திர’ என்றே எழுதுகிறார்கள். சுதந்திர ஊடகவியலாளர் என்று நாளுக்கு நாள் காண்கிறோம். ‘ஃப்ரீலான்ஸ்’ என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாவலில் புழக்கத்துக்கு வந்தபோது, எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலிக்கு ஈட்டி தூக்கும் படைவீரனைக் குறித்தது. கூப்பிட்ட குழுவுக்கெல்லாம் போய் நடித்துக் கூலி வாங்குகிறவர் அந்த வகை. நான் ஒரே குழுவோடு பன்னிரண்டு வருசமாய்க் கட்டுண்டு கிடக்கிறேன், கூலியும் இல்லை. ஈட்டி ஒன்று இருக்கிறது. தகரத்தில் செய்தது, போன நாடகத்தில் வளைந்துபோயிற்று.

வேறு என்ன சொல்லலாம் என்று குழுவில் ஒரு மாலை ஒத்திகையையே விட்டுவிட்டு அடிபட்டோம். தனித்தமிழ்ப் பற்றுள்ள தம்பி ‘தன்னாட்சி நாடகம்’ என்றான், பிறகு ‘விடுதலை நாடகம்’ என்றான். தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம் பிள்ளையைத் தந்த ஊரில் தமிழ்ப் பற்று இருப்பது நல்லதே. ஆனால் அந்த இரண்டு சொல்லையும் திருகோணமலைச் சுவரில் ஒட்டினால், ரிக்கெட் வாங்காமலே முன்வரிசையில் உட்காரச் சில பேர் வருவார்கள். தம்பிக்கே அது விளங்கி வாயை மூடிக்கொண்டான். ‘சுயேச்சை’ என்றால் தேர்தல், சுயேச்சைக் குழு என்றதும் “என்ன சின்னம்?” என்று கேட்பார்கள். ‘சார்பற்ற’ என்றால் முன்னால் ‘அரச’ என்பது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நிறுவனக்காரர் என்று நினைத்துத் தண்ணீர்த் தாங்கி கேட்பார்கள். ‘தன்னிச்சை’ என்பது மூத்தோர் சொல் கேளாத பிள்ளைக்கு. ‘தற்சார்பு’ கேட்க அழகுதான், ஆனால் இரவல் சேலையும் கடன் லைட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

மிஞ்சியது சுயாதீனம். வடமொழிதான், மறுக்கவில்லை. ஆனால் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சுயாதீனத்தை வடமொழி என்று தள்ளுவது என்ன நியாயம்? ‘ஸ்வ’, ‘அதீனம்’ இரண்டும் சேர்ந்தது. அதீனம் என்றால் ஒருவர் கைக்குள், பொறுப்புக்குள் இருப்பது. நல்லை ஆதீனம் என்கிறோமே, அந்த ஆதீனமும் இதே சொல்தான். சுயாதீனம் என்பது தன் கைக்குள் தான் இருப்பது. இதன் இன்னொரு வடிவம் சுவாதீனம். தமிழ்நாட்டுக் காணிப் பத்திரங்களில் ‘சுவாதீனத்தில் உள்ளது’ என்றால் கைவசம் இருக்கிறது என்று பொருள். யாருக்கும் அடங்காதது என்று அது பெருமையடிக்கவில்லை. யார் கையில் என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவே. எங்கள் கடைசிக் காட்சியைப் பற்றிய கேள்வியும் அதுதான்.

சிங்கள நண்பர் ஒருவர் எங்களுக்கு மத்தளம் வாசிக்க வருவார். அவரிடம் கேட்டேன். சுதந்திர தினத்துக்கு ‘நிதஹஸ்’, இந்த மாதிரிக் குழுவுக்கு ‘ஸ்வாதீன’ என்று யோசிக்காமல் பிரித்துச் சொன்னார். ஒரே நாட்டில், ஒரே படிவத்தில், அந்த மொழிக்கு இரண்டு சொல் வேண்டியிருக்கிறது, நமக்கு மட்டும் ஒன்று போதும் என்று தீர்மானித்தது யார்? நம் படிவங்களின் தமிழைப் பார்த்தால் பதில் தெரியும். அகராதியில் முதலாவதாய் நிற்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாலே பாதிப் பிழை காதில் இடறும். நடிகனுக்கு வசனம் வாயில் நிற்காவிட்டால் அன்று மாலையே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் தண்டனை இல்லை, அவர் சொல்லை நாங்கள்தான் மேடையில் நின்று கேட்கிறோம்.

சுயாதீனத்துக்கும் கறை இல்லாமல் இல்லை. 1979இல் தனியார் தொலைக்காட்சியாகத் தொடங்கி அதே ஆண்டிலேயே அரசாங்கத்தின் கைக்குப் போன ஐ.ரி.என்னுக்கு இன்றுவரை ‘சுயாதீனத் தொலைக்காட்சி’ என்றுதான் பெயர். யார் அதீனம் என்று தெரிந்தும் பெயரை மாற்றவில்லை. அது பெயர் வைத்தவர்களின் குணம், சொல்லின் குற்றமல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

தனித்தமிழ்த் தம்பி இன்னும் விடவில்லை. அவனுக்காக ஒன்று வைத்திருக்கிறேன்: தன்பொறுப்பு நாடகம். அதீனத்துக்கு நேரே பொறுப்பு. எங்கள் கணக்குப் பார்ப்பவர் ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் சொல்கிற வாக்கியத்திலிருந்து எடுத்தது: “நட்டம் வந்தால் எங்கட பொறுப்பு, வீட்டில சொல்லிப்போட்டு வாங்கோ.” எழுத்தில் சுயாதீன நாடகக் குழு, பேச்சில் தன்பொறுப்பு நாடகம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கு அரை மனம்.

உண்மையில் கூத்துக்கு இப்படி ஒரு அடைமொழியே வேண்டியிருக்கவில்லை. அண்ணாவியார் பழக்குவார், ஊர் கூடிச் செலவைப் பார்க்கும், ஆடுகிறவன் தன் உடுப்புக்குத் தானே காசு தேடுவான், களரி போட்டு விடிய விடிய ஆடுவார்கள். அதை யாரும் சுதந்திரக் கூத்து என்றும் சொன்னதில்லை, சுயாதீனக் கூத்து என்றும் சொன்னதில்லை. காசு கொடுத்தவன் கதையை மாற்றலாம் என்ற வழக்கம் வந்த பிறகுதான் மாற்றாதவனுக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டது.

தேநீர்க் கடைக்காரரிடம் திரும்பப் போனேன், புதுச் சுவரொட்டிக்கு இடம் கேட்க. சொல்லை மாற்றிவிட்டோம், இப்போது சுயாதீனம் என்று சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சுவாதீனமோ? புத்தி சுவாதீனம் எண்டு சொல்லுறது, அதோ?” என்றார். ஆம், அதே சொல்தான் என்றேன். “கைக்காசைப் போட்டு நாடகம் போடுறியள், அந்தச் சொல்லை நீங்கள் போடக்கூடாது தம்பி.”

அச்சகத்தில் அடைமொழியை எடுத்துவிடச் சொன்னேன். குழுவின் பெயர், கீழே ‘நாடகம்’, அவ்வளவு போதும். “மேல வெறும் இடமாக் கிடக்கு, என்ன போட?” என்று கேட்டார் அச்சுக்காரர். ரிக்கெட் 500 ரூபாய் என்று பெரிதாய்ப் போடச் சொன்னேன்.