ஃபஸ் பெடலில் கீபோர்டு அடாப்டரைச் செருகாதீர்கள்

சித்திரை பிறந்தால் என் பழுதுபார்க்கும் மேசையில் பெடல்கள், அதாவது கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டிகள், சேர ஆரம்பித்துவிடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் கச்சேரி நடக்கும் நேரம் அது. ஆம்ப், மிக்சர் எல்லாம்தான் பழுதாகி வருகின்றன. ஆனால் சத்தத்தைக் கரகரப்பாக்கும், கையகலம்கூட இல்லாத குட்டி ஃபஸ் பெடல் கருகி வந்தால் எனக்கு மனசு கேட்காது. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தப்பான அடாப்டர்.

போன வருஷம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். மேடையில் தன் அடாப்டரைக் காணோம் என்று கீபோர்டு வாசிப்பவரிடம் ஒன்றை வாங்கிச் செருகியிருக்கிறார். அடாப்டரின் பின் (செருகும் முனை) கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் லைட் எரியவில்லை. இரண்டு மூன்று தடவை பிடுங்கிச் செருகியதும் கருகல் வாசனை வந்துவிட்டது. "சரியாத்தானே அண்ணே மாட்டுனேன்" என்றார். பாவம், பின் பொருந்தினால் சரி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ். அதாவது பின்னின் உள்பக்கம் மைனஸ். வைஃபை ரவுட்டர் அடாப்டரும் பல கீபோர்டு அடாப்டர்களும் 12 வோல்ட், உள்பக்கம் பிளஸ். மாற்றிச் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். பாதுகாப்புக்கு ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) இருந்தால் அது முதலில் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். அது இல்லையென்றால் கெப்பாசிட்டர் உப்பும், டிரான்சிஸ்டர் போகும்.

1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் அடாப்டர் துளையே கிடையாது, ஒரு 9 வோல்ட் பேட்டரிதான். இரண்டே டிரான்சிஸ்டர். கிட்டார் சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, அலையின் உச்சியையும் அடியையும் வெட்டிவிடும். அந்தக் கரகரப்புதான் ஃபஸ். அதற்குச் சில மில்லி ஆம்பியர் போதும். இன்றைய குட்டிப் பெடலில் பேட்டரிக்கு இடமில்லை, அடாப்டரை நம்பித்தான் அது ஓடுகிறது.

ஆம்பியர் அதிகமானால் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 500 மில்லி ஆம்பியர் அடாப்டரானாலும் பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். பார்க்க வேண்டியது வோல்ட்டும் பிளஸ் மைனஸும். அடாப்டர் மேலே நடுவில் புள்ளி, சுற்றிப் பிறை மாதிரி வளைவு அச்சிட்டிருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸில் முடிய வேண்டும். பெடலிலும் அதே குறி இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சிவப்பு முனையை உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வையுங்கள், மைனஸ் 9 காட்டினால் சரி. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் 9 என்று எழுதியிருந்தும் 12, 13 காட்டும். ஃபஸ்ஸில் ஹம் சத்தத்தையும் கிளப்பிவிடும்.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் சிலவற்றில் கிரவுண்டே (சர்க்யூட் முழுக்கப் பொதுவான இணைப்பு) பிளஸ்; மற்ற பெடல்களில் அது மைனஸ். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதற்குத் தனி அடாப்டர் வையுங்கள்.

தப்பாகச் செருகிவிட்டீர்களா? உடனே பிடுங்கிவிடுங்கள், மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். முதல் தடவையிலேயே நிறுத்தினால் பல நேரம் டயோடு மட்டும்தான் போயிருக்கும், அது சில ரூபாய்ப் பொருள். அந்தத் தம்பியின் பெடலில் போர்டின் செப்புக் கோடே எரிந்திருந்தது. பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போது எந்த அடாப்டரைச் செருகினீர்களோ அதையும் கூடவே எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.