மூடிய குழாயும் கீறிய குழாயும்

போட்டிக்காக நான்கு சக்கர ரோபோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் மாணவி ஒருவர், அதன் சட்டகத்தை அலுமினியத்தில் அமைப்பதா, எஃகில் அமைப்பதா என்று கேட்டிருந்தார். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் அளவான யங் குணகம் எஃகுக்குச் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது சுமார் 70. ஆனால் எஃகின் அடர்த்தியும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், எடைக்கு எடை இரண்டின் விறைப்பும் கிட்டத்தட்ட சமம். எனவே உலோகத்தைவிட அதற்குக் கொடுக்கும் வடிவமே முக்கியம்.

சட்டகம் வளையுமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள்; முறுக்கிக்கொள்ளுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சட்டகம் முறுக்கப்படுகிறது. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, விளிம்புகளை ஒட்டாமல் இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள்: எதிர்ப்பின்றித் திரும்பும், அப்போது இரு விளிம்புகளும் நீளவாட்டில் ஒன்றையொன்று உரசி வழுக்குவதைக் காணலாம். அந்த இணைப்பு நெடுகப் பசைநாடா ஒட்டிவிட்டுத் திருகினால், அதே தாள் கையை எதிர்க்கும்.

பசைநாடா தடுத்தது அந்த வழுக்கலைத்தான். மூடிய குழாயில் முறுக்கத்தை எதிர்க்கும் விசை, சுவர் வழியே ஒரே திசையில் முழுச்சுற்று ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள அகலம் முழுவதும் அதற்கு நெம்புகோலாகக் கிடைக்கிறது. நெடுகக் கீறிய குழாயில் சுற்று அறுந்துவிடுவதால், அவ்விசை சுவரின் தடிமனுக்குள்ளேயே ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது; நெம்புகோலின் நீளம் சுவரின் தடிமனுக்குள் சுருங்கிவிடுகிறது. மூடிய குழாய்க்கு ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் பிரெட் 1896இல் தந்த சூத்திரத்தைக் கொண்டு ஒப்பிட்டால், 20 மி.மீ. பக்கமும் 1 மி.மீ. சுவரும் கொண்ட சதுரக் குழாய், நெடுகக் கீறப்பட்ட அதே குழாயைவிட ஏறத்தாழ 270 மடங்கு முறுக்கு விறைப்பு உடையது. எடையோ ஏறக்குறைய அதேதான்!

ஆகவே ஒயர் நுழைக்க வசதியென்று குழாயை நீளமாக அறுக்காதீர்கள். சிறு வட்டத் துளைகள் பெரிதாகக் கெடுக்காது. அடித்தட்டின்மேல் நான்கு தூண்களை நிறுத்தி இன்னொரு தட்டை வைத்தாலும், அது குழாயைப்போல மூடிய பெட்டியாகாது. பக்கச் சுவர்களோ குறுக்குச் சட்டங்களோ வேண்டும். போட்டிக் களத்தில் ரோபோவுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையைத் தூக்கி, பக்கத்துச் சக்கரமும் கூடவே எழுகிறதா என்று சோதிக்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். தூக்கிய மூலை மட்டும் எழுந்தால் சட்டகம் தளர்வானது.

விறைத்த சட்டகத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு: மேடுபள்ளத் தரையில் நான்கு சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதற்காகச் சட்டகத்தையே தளர்த்துவது தவறு. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய, 26 கிலோ எடையுள்ள சந்திரயான்-3இன் ஊர்தியான பிரக்யானில் ஆறு சக்கரங்களும் இருபுறமும் கீல்வைத்த கைகளில் பொருத்தப்பட்டிருந்தன. மேடுபள்ளத்துக்கு அந்தக் கைகளே அசைந்துகொடுத்ததால், கருவிகளைச் சுமந்த பெட்டி முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மாணவியின் ரோபோவுக்கு அவ்வளவு தேவையில்லை. முன் அச்சின் நடுவில் ஒரே ஒரு கீல் போதும்.