அடுத்த பயிற்சியாளர் யார்? பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம்

ஒரு கால்பந்து கிளப் தன் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டால், அன்று மாலையே ரசிகர்கள் பத்துப் பெயர்களோடு வந்துவிடுகிறார்கள். ஆட்டப் பகுப்பாய்வாளன் என்பதால் அந்தப் பத்துப் பேரின் பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. ரசிகர்களின் ஆர்வத்தில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் காட்டும் ஆதாரங்கள் பல நேரம் ஏமாற்றிவிடும். நானும் ஏமாந்தவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெற்றி சதவீதத்தை வைத்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "முதலில் இருக்கிறாரே, அவர் அணியின் சம்பளச் செலவு லீக்கில் எத்தனையாவது?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் அதிலும் முதலிடம். அவ்வளவு விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஜெயித்ததில் அவருடைய பங்கு எவ்வளவு என்று என் பட்டியலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கடைசிக்குப் பக்கத்தில் நான் தள்ளி வைத்த ஒருவரோ, லீக்கிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் அணியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

சதவீதத்தைவிட மோசமான பொறி, இடைக்காலப் பயிற்சியாளரின் தொடர் வெற்றி. ஒரு பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி அடிமட்டத்தில் கிடக்கும்போது. அந்த வீழ்ச்சியில் அவர் தவறும் இருக்கும், துரதிர்ஷ்டமும் இருக்கும்: பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, முக்கிய டிஃபெண்டருக்குக் காயம், வரிசையாகப் பெரிய அணிகளோடு ஆட்டம். துரதிர்ஷ்டம் எப்போதும் அப்படியே நீடிக்காது. யாரையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் ஓரளவு மீண்டிருப்பார்கள். ஆனால் அந்த மீட்சி முழுவதும் புதிதாக வந்தவர் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

2018 டிசம்பரில் பயிற்சியாளர் மொரின்யோவை நீக்கியபோது இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் லீக்கில் 6ஆம் இடத்தில் இருந்தது. இடைக்காலமாக வந்த சோல்ஷேர் முதல் 8 ஆட்டங்களையும் ஜெயித்தார். 2019 மார்ச்சில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். சீசன் முடிந்தபோது அணி எங்கே இருந்தது தெரியுமா? அதே 6ஆம் இடம். அவரை மட்டமாகச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு சீசன்களில் 3ஆம் இடம், 2ஆம் இடம் என்று வந்தார். அந்த 8 ஆட்டங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். அதேபோல இடைக்காலமாக வந்த டி மத்தேயோ 2012 மே மாதம் செல்சிக்கு, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். நவம்பரில் வேலை போய்விட்டது.

இப்படி ஒரு தொடர் வெற்றியைப் பார்த்தால், நான் முதலில் எதிரணிகளின் வரிசையைப் பார்ப்பேன். அப்புறம் காயத்திலிருந்து திரும்பியவர்கள் யார் யார் என்பதை. கடைசியாக, கோல்களை விட்டுவிட்டு, உருவாக்கிய வாய்ப்புகளும் எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகளும் மாறியிருக்கின்றனவா என்று. வாய்ப்புகள் அப்படியே இருந்து கோல் மட்டும் கூடியிருந்தால், சரி, கொண்டாடலாம். ஒப்பந்தத்தை நீட்டிக்க அவசரப்பட வேண்டாம்.

தோல்வியையும் இதே மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டும். சாபி அலோன்சோ பயிற்றுவித்த, ஸ்பெயினின் ரியால் சோசியதாத் கிளப்பின் இரண்டாம் அணி (பி அணி) 2022இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், 17ஆம் இடத்தில் தவித்துக்கொண்டிருந்த ஜெர்மனியின் லெவர்குசன் கிளப் அவரை எடுத்தது. 2023-24இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பன்டஸ்லீகா (ஜெர்மனியின் முதல்நிலை லீக்) பட்டம். "போன அணியை இறக்கிவிட்டவர்" என்று ஒரே வரியில் அவரைத் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம்!

யாரும் விவாதிக்காத இன்னொரு விஷயம், உதவிப் பயிற்சியாளர். பயிற்சியாளர் பிரையன் கிளஃப் 1972இல் டெர்பி கிளப்பை இங்கிலாந்து சாம்பியனாக்கியபோது உதவியாளராகக் கூட இருந்தவர் பீட்டர் டெய்லர். 1974இல் கிளஃப் லீட்ஸுக்குத் தனியாகப் போனார். 44 நாளில் வெளியே. நாட்டிங்காம் ஃபாரஸ்டில் டெய்லர் மறுபடி சேர்ந்த பிறகு 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). லீட்ஸில் வேறு பிரச்சினைகளும் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவரை எடுக்கும்போது அவரோடு யார் வருகிறார்கள் என்று நான் கட்டாயம் கேட்பேன்.

முன்னாள் நட்சத்திரம் நல்ல பயிற்சியாளர் ஆவாரா என்ற பழைய சண்டைக்குள் நான் போவதில்லை. இரண்டு பக்கமும் வேண்டிய அளவு உதாரணம் இருக்கிறது.

நேர்காணலில் நாங்கள் தரும் ஒரு சோதனை உண்டு. எங்கள் கடைசி மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, எதை மாற்றுவீர்கள் என்று பலகையில் காட்டச் சொல்வோம். ஒருமுறை பெரிய பெயர் உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தன் ஆட்டத் தத்துவத்தை அழகாக விளக்கினார். அப்புறம் பலகையில் எங்கள் அணியை வரைந்தார். லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாளர்) இடத்தில் அவர் எழுதிய ஆளை நாங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே விற்றிருந்தோம். அந்த வாரம் முழுக்க ரசிகர்கள் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.