காகிதத்துக்கும் ஒரு திசை உண்டு

பெரிய அளவில் வரும் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக வரும். அதே தாளை இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். நான்கு விரற்கடை போவதற்குள் கிழிசல் கோணிக்கொண்டு வேறு பக்கம் ஓடிவிடும்.

காகித வேலை நடக்கும் வகுப்பில் இது தினமும் நடக்கிறது. ஒரு குழந்தை கிழித்த பட்டை நேராக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பட்டை கோணலாகியிருக்கும். "பொறுமையாகச் செய்யக் கூடாதா?" என்று இரண்டாவது குழந்தையைக் கேட்டுவிடுகிறோம். அந்தக் குழந்தையின் பொறுமையில் குறை ஒன்றும் இல்லை. தாளை அது வேறு வாக்கில் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். மரக்கூழிலிருந்து வரும் ஒவ்வொரு நாரும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆலையில் கூழை ஏராளமான தண்ணீரில் கரைத்து, வேகமாக ஓடும் சல்லடைமேல் பாய்ச்சுகிறார்கள். அந்தக் கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். ஆற்றில் மிதந்து வரும் குச்சிகள் நீரோட்டத்தின் போக்கிலேயே திரும்பிக்கொள்வதுபோல, நார்களில் பெரும்பாலானவை சல்லடை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. தண்ணீர் வடிந்து தாள் உலரும்போது நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நடுவில் பசை எதுவும் தேவையில்லை. அடுத்தடுத்த நார்களின் மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்பே போதும். நார்கள் படுத்திருக்கும் இந்தப் போக்கை நாரோட்டம் என்று சொல்லலாம். கிழிசல் அதனோடு போனால் நார்களுக்கு நடுவே வழி கிடைக்கும். குறுக்கே போனால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். அறுக்க முடியாத இடத்தில் கிழிசல் சுற்றிக்கொண்டு போகிறது.

கிழிக்காமலும் நாரோட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரே தாளிலிருந்து, நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக, ஒரே அளவில் இரண்டு மெல்லிய பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். பிறகு மேலே இருப்பதைக் கீழே மாற்றிப் பிடியுங்கள். ஒரு முறை இரண்டும் ஒட்டியே வளையும். மறுமுறை கீழ்ப்பட்டை மட்டும் தனியாகப் பிரிந்து தொங்கும். அப்படித் தொங்குகிற பட்டையில் நார்கள் குறுக்கே கிடக்கின்றன, அதனால்தான் அது தன் கனத்தையே தாங்க முடியாமல் தளர்கிறது. தாங்கி நிற்கும் பட்டையில் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எந்தக் காகித வேலையையும் இதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். தாளின் குணம் தெரிந்த பிறகு குழந்தைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் மடிக்கத் தொடங்குகிறார்கள்.

மடிப்பு ஏன் மடிப்பாகவே நிற்கிறது? தாளை மெதுவாக வளைத்து விட்டால் பழையபடி நிமிர்ந்துவிடும். நகத்தால் நீவினால் கோடு விழுந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் அந்தத் தடம் போகாது. வளைவின் வெளிப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன, உட்பக்கத்தில் நெருக்குண்டு சுருங்குகின்றன. வளைவு பெரிதாக இருக்கும்வரை நார்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். நகம் அந்த வளைவைத் தாளின் தடிமன் அளவுக்குக் குறுக்கிவிடுகிறது. அப்போது சில பிணைப்புகள் அறுந்து நார்கள் நழுவுகின்றன, உட்பக்கத்து நார்கள் நசுங்குகின்றன. மடிப்புக் கோடு என்று நாம் பார்ப்பது இந்தச் சின்னச் சேதங்களின் வரிசையைத்தான். நாரோட்டத்தோடு மடித்தால் கோடு கூர்மையாக விழுவதும், குறுக்கே மடித்தால் கெட்டித்தாளில் பிசிறு தட்டுவதும் இதனால்தான்.

எல்லா நார்களும் தோற்றுப்போவதில்லை. நன்றாக நீவிய மடிப்பும் கையை எடுத்ததும் கொஞ்சம் விரியும். அந்த மிச்ச வில்தன்மைதான் தாவும் காகிதத் தவளையின் உயிர். பின்கால்களுக்காக முன்னும் பின்னுமாக மடிக்கிறோமே, அந்த மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டால் தவளை சோம்பிப்போகும். விரலால் லேசாக அமுக்கி விட்டால் போதும். முதுகின் பின் ஓரத்தை அழுத்தி விரலைச் சட்டென்று வழுக்கவிடும்போது, மடிப்பில் தேங்கிய விசை ஒரே நொடியில் வெளிப்பட்டுத் தவளையைத் தூக்கி எறிகிறது. கப்பலுக்கு இது நேர் எதிர். அதன் மடிப்புகள் விரியவே கூடாது, ஒவ்வொன்றையும் அழுத்தி நீவ வேண்டும்.

ஒரு தாளை எத்தனை முறை பாதியாக மடிக்கலாம் என்று எந்த வகுப்பிலும் ஒரு குழந்தை கேட்கும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிக்கிறது. ஏழாவது மடிப்பில் 128 அடுக்குகள் ஆகிவிடும். சாதாரணத் தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் அது ஒரு சென்டிமீட்டரையும் தாண்டிவிடுகிறது. வெளி அடுக்கு அத்தனை கனத்தையும் சுற்றி வந்தாக வேண்டும், அதற்கு நீளம் போதாது. பிரிட்னி காலிவன் என்ற அமெரிக்க மாணவி இந்த நீளத்தைக் கணக்கிட்டு, 2002-ல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான மெல்லிய டிஷ்யூ காகிதத்தை 12 முறை மடித்துக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீரில் மலரும் பூ. ஆறு இதழ் உள்ள பூவை வெட்டி, இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து, தட்டில் ஊற்றிய தண்ணீரின்மேல் மெதுவாக வையுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. பிறகு ஓர் இதழ் அசையும். அதைப் பார்த்த குழந்தை மூச்சுக்கூட விடாது. நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, தண்ணீர் ஏறுகிறது. மடிப்பில் நசுங்கிக் கிடந்த நார்கள் நீரை உறிஞ்சிப் பருத்து நிமிரப் பார்க்கின்றன, இதழ் விரிகிறது. செய்தித்தாளில் வெட்டிய பூ சீக்கிரம் மலரும். எழுதும் தாளில் மை ஊறாமலிருக்கச் சேர்த்த பொருள் தண்ணீரையும் தடுப்பதால், அந்தப் பூ தாமதமாகத்தான் மலரும். இரண்டையும் ஒரே தட்டில் விட்டு எது முந்தும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னால், வகுப்பு முழுவதும் தட்டைச் சுற்றிக் கூடிவிடும்.

நார் நனையும்போது அகலத்தில்தான் பருக்கிறது, நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பசை தடவிய வாழ்த்து அட்டை சுருண்டுகொள்வதற்கு இதுவே காரணம். ஈரம் பட்ட பக்கம் நாரோட்டத்துக்குக் குறுக்கே விரிகிறது, உலர்ந்த பக்கம் அப்படியே நிற்கிறது, தாள் குழாய்போல வளைகிறது. அந்தக் குழாய் நீண்டு கிடக்கும் திசைதான் நாரோட்டம்.

கடைசியாக விசிறி மடிப்பு. இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு தாளைப் பாலமாகப் போட்டால் ஒரு பென்சிலைக்கூடத் தாங்காது. அதே தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துப் போட்டால் பல பென்சில்களைச் சுமக்கும். தாள் மாறவில்லை, அது நிற்கும் உயரம்தான் மாறியது. 0.1 மில்லிமீட்டர் தடிமனில் படுத்திருந்த நார்கள் இப்போது பல மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. பொருள் நடுத்தளத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, வளைவதற்கு அவ்வளவு கடினம்.

பென்சில்களை ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லிவிட்டு, பாலம் எப்படிச் சாய்கிறது என்று பக்கத்திலிருந்து கவனியுங்கள். பெரும்பாலும் நடுவில் ஒடிவதற்கு முன்பே மடிப்புகள் இரு பக்கமும் பரந்து தட்டையாகிவிடும். அப்படியானால் அவற்றைப் பரவவிடாமல் பிடிக்க வேண்டும். அடியில் ஒரு தாளையும் மேலே ஒரு தாளையும் ஒட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டியின் சுவரை வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பதும் இதே அமைப்புத்தான். இன்னும் கொஞ்சம் பலம் வேண்டுமென்றால், மடிப்பதற்கு முன் இரண்டு பட்டைகளை வெட்டி, நாரோட்டம் பாலத்தின் நீளவாக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.