குளிர் குறைந்தாலே கேஸ் முடிந்துவிட்டதென்று பொருளா?

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் ஏர்கோன் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், காரை நிறுத்தி இறங்குவதற்குள்ளாகவே "அண்ணே, கேஸ் முடிஞ்சிரிச்சி" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏர்கோனைக் குளிரவைக்கும் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகவும் நீர்மமாகவும் மாறி மாறிச் சுற்றிவரும் அது சில மாதங்களில் குறைந்துவிட்டால், எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மேலும் மேலும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான்.

அண்மையில் செம்பனைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் தம் பழைய காரைக் கொண்டுவந்தார். ஓடும்போது நன்றாகக் குளிரும். சமிக்ஞை விளக்கில் நின்றால் வெப்பக் காற்றே வரும். கேஸ் போதவில்லை என்று நினைத்து, சிறிய கேன் இரண்டு வாங்கி வீட்டு வாசலிலேயே ஏற்றியிருக்கிறார். இரண்டாவது கேன் பாதி இறங்கும்போது பாதுகாப்பு வால்வு திறந்து கேஸ் சீறி வெளியேறியது. உண்மையில் பழுதானது, கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கான விசிறியின் மோட்டார். கார் ஓடும்போது எதிர்க்காற்று அந்த விசிறியின் வேலையைச் செய்துவந்தது. நின்றதும் வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறியது. அந்த நிலையில் அவர் கேஸையும் கூட்டிவிட்டார். முகத்தைச் சற்றே விலக்கி நின்றதால் கண் தப்பியது. கார் ஏர்கோன் கேஸான ஆர்-134ஏ, நீர்மமாக இருக்கையில் சுமார் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. தோலில் பட்டால் உறைபுண், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கேனோடு வரும் அழுத்தமானியும் ஏமாற்றும். என்ஜின் நின்றிருக்கும்போது, உள்ளே சிறிது நீர்மம் எஞ்சியிருந்தாலே போதும். 32 டிகிரி வெயிலில் மானி ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். அந்த எண் வெப்பநிலையைச் சொல்கிறதே தவிர, கேஸின் அளவைச் சொல்வதில்லை. மலிவாகக் கிடைக்கும் சில கேன்களில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவை. காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருள் (கூலிங் காயில்) டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால், கசிந்தால் அது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே வரும். இதைக் கைகூப்பிச் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்கவையும் உண்டு. தோட்டச் செம்மண் சடக்கில் ஓடும் கார்களின் கேபின் ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும், கழற்றிப் பாருங்கள். கண்டென்சரின் மெல்லிய தகடுகளில் படிந்த புழுதியை, என்ஜின் ஆறிய பிறகு மெதுவான நீரால் கழுவலாம். அழுத்த நீர் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஏர்கோனைப் போட்டதும் கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அங்கே கசிவு இருக்கக்கூடும். காருக்கு அடியில் சொட்டும் தெளிந்த நீர் கசிவன்று. காற்றிலிருந்து பிரிந்த ஈரம்.

அதற்குப் பிறகும் குளிரவில்லையென்றால் பட்டறைக்கு வாருங்கள். எந்தப் பட்டறையானாலும், கசிந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து வேலை செய்தால், கேஸ் ஏற்றுமுன் வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தார்களா என்று கேளுங்கள். ஈரம் தங்கினால் அது அமிலத்தை உண்டாக்கி நாளடைவில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை அரித்துவிடும். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதப்பட்ட கிராம் அளவையே தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள்.